இருபது அடி என்று சொன்னேன்

கொடைக்கானல் டவரிலிருந்து எங்கள் பக்கம் டிவி எடுக்க ஆரம்பித்திருந்த புதிது. எண்பதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலைக்குச் சொந்தமான சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் நான் டம்பர் ஓட்டிக்கொண்டிருந்தேன். கல் ஏற்றுகிற பெரிய வண்டி அது. விளிம்பில் பள்ளம் இருக்கும், பின்னால் பார்க்காமலே ரிவர்ஸ் எடுத்துச் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு முழம் தப்பினாலும் வண்டியோடு ஆளும் போய்விடுவான். நான் தப்பினதே இல்லை. அடிக் கணக்கில் என் கண்ணை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று மற்ற டிரைவர்களே சொல்வார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

என் அப்பா கடைசிவரை அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமையும் உண்டு, யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் சுருக்கென்று ஏறுகிற கோபமும் உண்டு. இரண்டையும் ஒன்றாகத்தான் வளர்த்து வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் இரண்டு பெண்களும் ஆலைக் குவார்ட்டர்ஸில் ஒரு சூப்பர்வைசர் வீட்டுக்கு டிவியில் படம் பார்க்கப் போனார்கள். பாதிப் படத்தில் அந்த வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்களாம். 'நீங்க கொஞ்சம் வெளிய நின்னு பாருங்க' என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். மீதிப் படத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டு வந்தார்கள். சின்னவளுக்கு அப்போது ஏழு வயது.

"எனக்கு எட்டலப்பா. அக்கா தூக்கிக் காட்டுனா. உள்ள இருந்தவங்க தலைவுளாத்தான் தெரிஞ்சிச்சு" என்றாள், சிரித்துக்கொண்டேதான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிவி வாங்குவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதுவும் அந்த சூப்பர்வைசர் வீட்டில் இருப்பதைவிடப் பெரியதாக.

அரியலூரில் கடை இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே என்னைத் தெரிந்தவர்கள் அதிகம். நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சேதி வந்து சேர்ந்துவிடும். அதனால் பெரம்பலூர் போனேன். முதல் ஷிப்ட் முடித்து, குளித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஆனாலும் சுண்ணாம்புத் தூசி அவ்வளவு சுலபத்தில் போகாது. காது மடலிலும் புருவத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கடைக்காரர் ஒல்லியான மனிதர், என் வயதுதான் இருக்கும். சட்டைப் பையில் பேனாவோடு அளக்கிற டேப் ஒன்றும் வைத்திருந்தார். எனக்கு முன்னால் எறையூர்க்காரர் ஒருவர் நின்றிருந்தார். கரும்பு விவசாயி, விரலில் மோதிரம், வெள்ளை வேட்டி. கடைக்காரர் அவரிடம் கேட்ட முதல் கேள்வியே "ஹால் எத்தனை அடிங்க?" என்பதுதான். அவர் சிரித்துக்கொண்டே, "பன்னெண்டு அடிதாங்க, அதுலயும் பாதி நெல்லு மூட்டை" என்றார். "அப்ப சின்னதே போதுங்க" என்று பதினாலு இஞ்ச் டிவி ஒன்றைக் காட்டினார் கடைக்காரர். அவரும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு போனார்.

இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் அதே கேள்வியை என்னிடம் கேட்டபோது எனக்கு அது வேறு கேள்வியாகத் தெரிந்தது. என் காதோரத் தூசியைப் பார்த்துவிட்டு, இவனுக்கு எவ்வளவு பெரிய வீடு இருந்துவிடப் போகிறது என்று நினைக்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

"இருபது அடி" என்றேன்.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு அறை. பத்துக்குப் பத்து. அதற்குள்தான் அடுப்பு, நெல் குதிர், டிரங்குப் பெட்டி, பாய், நாங்கள் நான்கு பேர் எல்லாமே.

அவர் சந்தேகப்படவில்லை. "இருபது அடின்னா தாராளமா பெருசே போடலாம் சார். சின்ன ரூமுன்னாதான் வேணாம்பேன். கொடைக்கானல் ரொம்பத் தூரம் பாருங்க, சிக்னல் மெலிசா வரும். கிட்டக்க உக்காந்து பாத்தா புள்ளி புள்ளியா அடிக்கும், கண்ணு எரியும்" என்று பொறுமையாக விளக்கினார். நான் தலையை ஆட்டினேன். இருபத்து நாலு இஞ்ச், மரப் பெட்டி, முன்னால் இழுத்து மூடுகிற கதவு, பூட்டு சாவி. சர்வீஸ் கார்டில் என் பெயர், ஊர் எல்லாம் எழுதி, ஓரத்தில் 'ஹால் 20 அடி' என்றும் எழுதிக்கொண்டார். அது அவர் பழக்கமாம். ஆன்டெனா கட்ட ஆள் அனுப்புகிறேன் என்றார். வேண்டாம் என்று அவசரமாகச் சொன்னேன். உள்ளூரிலேயே ஆள் இருக்கிறது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வேனில் வந்து இறங்கிய பெட்டி எங்கள் வீட்டு வாசற்படியில் நேராக நுழையவில்லை. பக்கவாட்டில் சாய்த்து உள்ளே கொண்டுபோனோம். என் மனைவி பெட்டியைப் பார்த்தாள், அறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எதுக்குங்க இம்மாம் பெருசு?"

"கடைக்காரர்தான் இதுதான் சரியா இருக்கும்னு சொன்னாரு" என்றேன். ஒரு பொய் சொன்னால் அது ஒண்டியாக இருப்பதில்லை, துணைக்கு இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

டிவியைச் சுவரோரம் வைத்ததும் உட்கார ஆறடிதான் மிஞ்சியது. செய்தி வாசிப்பவர் முகம் சோற்றுப் பானை அளவுக்குத் தெரிந்தது. முகம் முழுக்கக் கொசு மொய்த்த மாதிரி புள்ளிகள். சின்னவளுக்குக் கண்ணில் நீர் கொட்டும். மனைவிக்குத் தலைவலி. நான் மட்டும் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை தெருவே வந்துவிட்டது. உள்ளே முப்பது பேர் முட்டி மோதி உட்கார்ந்தார்கள். முன்னால் இருப்பவர்களுக்குப் படமே புரியவில்லை, புள்ளிதான். ஜன்னலில் பிள்ளைகள் தொங்கினார்கள். மூச்சு முட்டியது. கதவோரம் நின்றிருந்த சில பிள்ளைகளைப் பார்த்து, "வெளிய போய் நில்லுங்கடா, காத்து வரட்டும்" என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. என் பெரியவள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. சூப்பர்வைசர் வீட்டு அம்மா மேல் நான் வைத்திருந்த கோபம் அந்த நிமிடமே என் பக்கம் திரும்பிவிட்டது.

அடுத்த மாதம் ஆடிக் காற்றில் ஆன்டெனா திரும்பிக்கொண்டது. உள்ளூர் ஆள் நாலு தடவை ஏறி இறங்கியும் படம் வரவில்லை. நான் பேசாமல் இருந்தேன். மனைவி பேசாமல் இருக்கவில்லை. பில்லில் இருந்த முகவரிக்குப் பெரியவளை விட்டு ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கிறாள், எனக்குத் தெரியாமல்.

ஒரு மதியம் பஸ்ஸிலிருந்து தோளில் பையோடு அந்தக் கடைக்காரரே இறங்கி வருவதைத் தெருமுனையில் பார்த்தேன். ஆளை அனுப்பாமல் அவரே வந்திருந்தார். கொல்லைப் பக்கமாகப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவர் என்னைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டார்.

வீட்டு வாசலில் கால் வைத்ததுதான் தாமதம், மனைவி பிடித்துக்கொண்டாள்.

"வாங்க. நல்லா வந்து பாருங்க. பத்தடி வூட்டுக்கு இம்மாம் பெரிய டிவியக் கட்டி வுட்டுட்டீங்களே, இது நாயமாங்க? நாலு வருசமா வாயக் கட்டி வயித்தக் கட்டிச் சேத்த காசுங்க. எம் புள்ளைக்குக் கண்ணுல தண்ணி ஊத்துது. இந்த மனுசனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஏமாத்திட்டீங்கல்ல?"

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து என் சர்வீஸ் கார்டை எடுத்தார். ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் இரண்டு பெண்களும் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. வாயைத் திறந்து நானே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவர் கார்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எம் மேலதாம்மா தப்பு. அளவ நான் சரியாக் கேட்டுக்கல. மன்னிச்சுக்கங்க. சரி பண்ணாமப் போவ மாட்டேன்" என்றார்.

அதோடு விடவில்லை. டேப்பை எடுத்து ஒரு முனையைச் சின்னவள் கையில் கொடுத்து வாசற்படியில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மறுமுனையை இழுத்துக்கொண்டே வாசலில் பின்னோக்கி நடந்தார். வேலியோரம் எங்கள் பூவரச மரத்தில் முதுகு முட்டியதும் நின்றார். டேப்பைக் குனிந்து பார்த்தார்.

"சார், இங்க வந்து பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். இருபது அடி. ஒரு விரற்கடை கூட இருந்திருக்கும்.

"நீங்க சொன்ன அளவு இருக்குதே சார். டிவிய வாசல் பாத்துத் திருப்பிடுவோம். இதான் உங்க ஹாலு" என்றார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மெதுவாக.



எங்கள் வீடு கிழக்குப் பார்த்த வீடு. சாயங்காலம் வாசலில் நிழல் விழுந்துவிடும். நானும் அவரும் டிவியைத் தூக்கிப் படிக்கு உட்புறம் பெஞ்சின் மேல் வைத்தோம். அவரே கூரையில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பி, பூஸ்டரை மாற்றினார். நாங்கள் பூவரச மரத்தடியில் நின்று பார்த்தோம். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தபோது புள்ளிகள் கண்ணுக்கே தெரியவில்லை. படம் பளிச்சென்று இருந்தது. சின்னவள் கை தட்டினாள். மனைவி உள்ளே போய்க் காபி கலந்து கொண்டுவந்தாள்.

ஆலைப் பட்டறையில் கழித்துப் போட்ட பேரிங்குகளைக் கேட்டு வாங்கி, டிவிக்குச் சக்கரம் வைத்த ஸ்டாண்டு ஒன்று செய்துகொண்டேன். காலையில் உள்ளே தள்ளுவோம், சாயங்காலம் படிக்கு இழுப்போம். ஞாயிற்றுக்கிழமை வாசல் கொள்ளாமல் ஜனம் உட்காரும். ஜன்னலில் தொங்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள்கூட வந்தார்கள்.

ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. வருகிறவர்களிடமெல்லாம் மனைவி அந்தக் கடைக்காரர் புகழ்தான் பாடுவாள். 'தப்பைத் தானே ஒத்துக்கிட்ட மனுசன், இந்தக் காலத்துல யாரு இருக்கா?' என்பாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு முள் குத்தும். பொங்கல் வரைக்கும் பொறுத்தேன். அதற்கு மேல் முடியாமல் ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்த மனுசன வாசல்ல நிக்க வச்சுத் திட்டினனேய்யா" என்று அழுதாள். செந்துறைப் பக்கம் அவள் அண்ணன் வீட்டிலிருந்து முந்திரிப் பருப்பு வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் பெரம்பலூர் போனோம்.

நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "ஹாலு அளவ எல்லாரும் கூட்டித்தாங்க சொல்லுவாங்க. நான்தான் கழிச்சுக்கணும். அன்னிக்குக் கழிக்க மறந்துட்டேன். அப்ப எந் தப்புதானே?" என்றார். அன்றைக்குக்கூட அவர் என்னைக் குற்றவாளியாக நிற்க விடவில்லை.

போன மாதம் சின்னவள் வீட்டில் பெரிய கம்ப்யூட்டர் மானிட்டர் ஒன்று வாங்க வேண்டும் என்றார்கள். அவளுக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. நானும் கடைக்குப் போயிருந்தேன். இருந்ததிலேயே பெரியதை அவள் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். விற்பனைக்கு நின்ற பெண், "எவ்ளோ தூரத்துல உக்காந்து பாப்பீங்க மேடம்?" என்று கேட்டாள். என் மகள் வாயைத் திறப்பதற்குள் நான், "ரெண்டடி. மேஜையே அவ்வளவுதாம்மா" என்று சொல்லிவிட்டேன். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாசற்படியில் டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தானே.

இப்போதெல்லாம் யார் எந்த அளவு கேட்டாலும் உள்ளதையே சொல்லிவிடுகிறேன். என் பொய்யைத் தன் தப்பாக ஏற்றுக்கொண்டு, என் பெண்கள் முன்னால் என்னைத் தலைகுனிய விடாமல் காப்பாற்ற ஒரு மனிதர் வாழ்க்கையில் ஒரு தடவைதான் கிடைப்பார், எனக்கு அவர் கிடைத்துவிட்டார்.