அருளையாவின் லாச்சியும் செல்வமலரின் பயறும்

இத்தாலியில், பலெர்மோ நகரின் மொண்டெல்லோப் பகுதி வீடுகளில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்களுக்கு வியாழன் பின்னேர ஓய்வை முதலில் கேட்டு வாங்கியவள் செல்வமலர். பெண்கள் வாய் திறக்காத தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் தலைவரை எதிர்த்து எழுந்து நின்றவள். தேர்தலில் அவரை விழுத்தி, அவருடைய மேசை லாச்சியிலிருந்து முப்பத்தொரு பாஸ்போட்டுகளை வெளியே எடுப்பித்தவள். மன்னாரில் ஒரு நாளும் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவள், படித்தவர்கள் போட்ட கணக்கைப் பிழை என்று காட்டினாள். எல்லாம் முப்பத்துநாலு வயதுக்குள்.

அந்தத் தலைவர் அருளையா. 1990இல் சனத்துக்குப் பேப்பர் எடுத்துக் கொடுத்தவர், வேலை பிடித்துக் கொடுத்தவர். அதனால் பலெர்மோவில் இருந்த மன்னார்ச் சனம் முழுக்க ஆறு வருடமாக அவர் பக்கம். "துலைச்சுப் போடுவியள், என்னட்டை இருக்கட்டும்" என்று பெண்களின் பாஸ்போட்டுகளை வாங்கித் தன் மேசை லாச்சிக்குள் பூட்டி வைத்திருந்தார்.

1996 மாசியில் செல்வமலரின் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. பாஸ்போட்டைக் கேட்டு அவருக்குப் போன் எடுத்தாள். "நான் றோமிலை நிக்கிறன். வந்து பாப்பம்" என்றார். அவர் வந்தபோது தவணை கடந்திருந்தது. பேப்பர் இல்லாதவளுக்குத் தன் வீட்டில் இடமில்லை என்று வீட்டுக்கார சிஞ்ஞோரா இரண்டு மாதம் அவளை வேலைக்கு எடுக்கவில்லை. பிறகு அருளையாவே கூடப்போய்ப் புதுப்பித்துக் கொடுத்தார். குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோர் வாசலிலேயே பாஸ்போட்டைத் திரும்ப வாங்கித் தன் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டார். அன்றைக்கு அறுந்தது அவளுக்கு அவரோடு இருந்த ஒட்டு.

கார்த்திகையில் சங்கத் தேர்தல். அருளையாவை எதிர்த்து விமலராணி என்ற பெண் நின்றாள். வென்றால் முதல் வேலையாக லாச்சியைத் திறப்பிப்பேன் என்றாள். அருளையாவின் மருமகன் றொனி கொப்பியோடு கால்சாப் பகுதிக் கோயில் வாசலில் நின்று, பூசை முடிந்து வந்தவர்களை மறித்து, "மாமாவுக்குத்தானே?" என்று கேட்டு எழுதிக்கொண்டான். நூற்றெண்பது வாக்கில் நூற்றறுபத்திரண்டு மாமாவுக்கு என்று தேர்தலுக்கு முன்னமே கணக்கு வந்தது.

செல்வமலர் வீட்டுக்கு வந்து அண்ணன் சுவாம்பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணை, நீங்களும் ஓம் எண்டே சொன்னனீங்கள்?"

"பின்னை? அருளையா பக்கத்திலை நிக்கிறார். மூஞ்சைக்கு நேரை இல்லை எண்டு சொல்லுறதே?"

"எங்கடை வீட்டிலை எத்தினை எழுதினவன்?"

"மூண்டு. உன்ரையும் சேத்துத்தான்."

"என்னைக் கேட்டவனே?"

"நான் சொல்லிப்போட்டன்."

"நல்லது. இண்டையிலிருந்து எனக்குப் பசிச்சாலும் நீங்களே சாப்பிடுங்கோ!"

கொப்பியிலிருந்த பெண்களில் பாதிப்பேரை றொனி கண்ணாலும் காணவில்லை என்பது அப்போதுதான் சுவாம்பிள்ளைக்கு உறைத்தது.

அடுத்த வியாழன் பின்னேரம் மொண்டெல்லோ பஸ் தரிப்பிடத்தில் செல்வமலர் இரண்டு துணிப்பைகளோடு நின்றாள். வந்த பெண்கள் ஒவ்வொருவரின் கையிலும் ஒரு கடலையும் ஒரு பயறும் கொடுத்தாள். கடலை அருளையா, பயறு விமலராணி. விரும்பியதைச் சிவப்புப் பைக்குள்ளும் மற்றதைக் கறுப்புப் பைக்குள்ளும் போடவேண்டும். போடும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எழுபது பேர் போட்டார்கள். சிவப்புப் பைக்குள் ஐம்பத்திரண்டு பயறு.

கதை அருளையாவின் காதுக்கு எட்டியது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழும்பினார்.

"பயறு வந்து வாக்குப் போடுமோ? கைநாட்டுகள் எல்லாம் கணக்குப் பாக்க வெளிக்கிட்டிட்டினம்!"

ஆண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் சொன்னார்: "இந்தமுறை கையெழுத்து வைச்சால்தான் வாக்கு. பெருவிரல் செல்லாது."

பெருவிரல் வைப்பவர்கள் இருபத்துமூன்று பேர். அத்தனையும் பெண்கள். செல்வமலர் எழுந்தாள்.

"றொனியின்ரை கொப்பியிலை விரல் வைக்கிற எங்கடை பேரும் நூற்றறுபத்திரண்டுக்கை நிக்குது. கொப்பியிலை செல்லுற பேர் பெட்டிக்கு ஏன் செல்லாது?"

"இருடி, பெரிய அப்புக்காத்து, வழக்குப் பேச வந்திட்டாய்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். விதி மாறவில்லை.

தேர்தலுக்கு மூன்று கிழமை இருந்தது. விமலராணி இருபத்துமூன்று பெயரையும் மட்டைத் துண்டுகளில் எழுதிக் கொடுத்தாள். செல்வமலர் சிஞ்ஞோராவின் குளியலறையில் சுவர் ஓடுகளுக்குச் சவர்க்காரம் பூசும்போதெல்லாம், நுரைக்குள் விரலால் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் கழுவினாள். மற்றவர்கள் மாவிலும் மேசைத் தூசியிலும் எழுதினார்கள்.

தேர்தல் அன்று அவள்தான் வரிசையில் முதல் ஆள். றொனி இடாப்பைத் தள்ளி, "எழுதுங்கோ பாப்பம்" என்றான். அவள் பேனையைக் கத்திபோலப் பிடித்தாள். பக்கத்தில் நின்ற அருளையா மணிக்கூட்டைப் பார்த்தார்.

"கெதியா. சனம் நிக்குது."

"ஆறு வரியமா உங்கடை கதவடியிலை நிண்டனாங்கள். ரெண்டு நிமிசம் நில்லுங்கோ."

ஆறு எழுத்து. கோடு கொஞ்சம் மேலே ஏறினாலும் ஒன்றும் விடுபடவில்லை. றொனி இடாப்பிலிருந்த பெயரோடு ஒத்துப் பார்த்துவிட்டு, வாக்குச் சீட்டை எடுத்துக் கொடுத்தான். அவளுடைய பெயருக்கு நேரே இடாப்பில் அவனே எழுதிய திகதி: 1996 கார்த்திகை 24, ஞாயிற்றுக்கிழமை.