சிமெண்டில் தடம் விழாது

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘சுவர்’. எதை அடித்தாலும் திரும்பி வரும் என்பதால் வந்தது. துறைமுக அலுவலகத்தின் சரக்குப் பதிவுப் பிரிவில் பதினான்கு வருடமாக எழுத்தர். வேலை கிடைத்ததே டென்னிஸால்தான். வயது முப்பத்தாறு, வலது முழங்காலுக்கு மட்டும் அறுபது இருக்கும்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு அங்கே ஒரு சலுகை உண்டு. வருடாந்திரப் போட்டியில் அரையிறுதிவரை போய்விட்டால், அடுத்த ஒரு வருடத்துக்கு மதியம் ஒரு மணிக்கே பயிற்சிக்குக் கிளம்பலாம். அதற்கு முன்பே தோற்றால் ஐந்தரை மணிவரை நாற்காலிதான். கோப்பை அவளுக்கு ஒருநாளும் கனவாக இருந்ததில்லை. அந்த ஒரு மணிதான் வேண்டும். இரண்டு மணிக்குள் செம்மண் கோர்ட்டில் இறங்கி மூன்றரைவரை ஆடுவாள். சாக்ஸ் எங்கே, சாவி எங்கே, போன மாதக் கோப்பு எங்கே என்று மகளோ கணவரோ மேலதிகாரியோ அவளைக் கேட்காத நேரம் ஒரு நாளில் அது மட்டும்தான்.

செம்மண்ணில் பந்து விழுந்தால், கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் எழும்பும். அந்த யோசனை நேரம் அவளுக்குப் போதும். வழுக்கிக்கொண்டே போய் எட்டி எடுத்துவிடுவாள். அவள் அடியில் வேகம் கிடையாது. ஆனால் பந்து சுழன்று விழுந்து எதிராளியின் தோளுக்கு மேல் எகிறும். இருபது தடவை அப்படித் திருப்பி அனுப்பினால் இருபத்தோராவது தடவை எதிராளி எரிச்சலில் வலையில் அடித்துவிடுவாள். இடி மாதிரி செர்வ் போடுகிறவர்களுக்குப் புல்லும் சிமெண்டும் தோதானவை. இவளிடம் இருந்தது பொறுமை ஒன்றுதான். அது மண்ணில்தான் செல்லுபடியாகும்.

அந்தச் செம்மண் வீட்டிலும் ஆட்சி செய்தது. அவளுடைய சாக்ஸோடு சேர்ந்து ஊறியதில் கணவரின் வெள்ளைச் சீருடைச் சட்டைகள் எல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டன. அவர் பேருந்து ஓட்டுநர். பணிமனையில் அவரை ‘மாப்பிள்ளை’ என்று கேலி செய்தார்கள்.

இந்த வருடம் மழை விடவே இல்லை. மண் கோர்ட்டில் தவளை கத்தியது. போட்டியைச் சிமெண்ட் கோர்ட்டுக்கு மாற்றியிருப்பதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். முதல் சுற்று எப்படியோ தப்பித்தாள். காலிறுதியில் எதிரே நின்றது தீயணைப்புப் பிரிவின் நெட்டைப் பெண். வயது இருபத்துமூன்று, அடித்தால் பந்து கண்ணுக்குத் தெரியாது.

முந்தின நாள் சாயங்காலம் முழங்காலில் ஐஸ் கட்டியைக் கட்டிக்கொண்டு வெங்காயம் அரிந்தாள். கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“மண் ரோட்டுல வண்டி வழுக்கித்தான் நிக்கும். தார் ரோட்டுல அந்த வேலை காட்டினா ஆளைக் கவுத்துடும். முன்னாடியே வேகத்தைக் குறைச்சுக்கோ. சின்னச் சின்னதா அடி வை.”

“டென்னிஸ் கத்துக்கிட்டீங்களா?”

“இருபது வருஷமா பிரேக் புடிக்கிறேன். அதுக்கு மேல என்ன இருக்கு?”

மறுநாள் அவர் சொன்னதைத்தான் செய்தாள். வழுக்காமல், நண்டு மாதிரி குட்டிக் குட்டி அடிகள். அவளுடைய உயரப் பந்துகள் சிமெண்டில் நெட்டையின் இடுப்புக்கு வாகாக வந்து நின்றன, அவள் விளாசினாள். இவளும் விடவில்லை. வெட்டித் தாழ்வாக அனுப்பி நெட்டையைக் குனிய வைத்தாள். முதலில் எட்டு கேம் எடுப்பவருக்கு வெற்றி. ஏழுக்கு ஏழு என்று வந்து, ஏழு புள்ளி டை-பிரேக்கும் இழுத்தது. அதில் ஆறுக்கு ஐந்து, நெட்டை முன்னே. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் அவளுக்கு ஆட்டம்.

நெட்டை ஓங்கி அடித்த பந்து இவள் காலடியில், பின்கோட்டருகே விழுந்து பறந்தது.

அரையிறுதிக்கு முன்னால் நடுவர் கிடையாது. அவரவர் பக்கத்துப் பந்துக்கு அவரவரே தீர்ப்பு. சந்தேகம் வந்தால் எதிராளிக்குப் புள்ளி. வெளியே என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆறுக்கு ஆறு. யாரும் கேட்கப்போவதில்லை.

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். மண்ணில் என்றால் பந்து விழுந்த இடத்தில் ஒரு தடம் இருக்கும். நடந்து போய் ராக்கெட் நுனியால் அதைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுவாள். இத்தனை வருடமும் அவள் தன் கண்ணை நம்பியதில்லை, தடத்தைத்தான் நம்பினாள். இங்கே பச்சைச் சாயமும் வெள்ளைக் கோடும் சும்மா கிடந்தன.

நெட்டை வலைக்கு அருகே வந்தாள். “அக்கா, என்னாச்சு?”

“தெரியல.”

“தெரியலன்னா?”

“தெரியலன்னா உன்னுது.”

கை குலுக்கும்போது நெட்டையின் முகத்தில் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது. இவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டில் கணவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், பந்து உள்ளேயா வெளியேயா என்று. கோர்ட்டில் சொன்ன பதிலையே அவருக்கும் சொன்னாள். அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், அவள் கோர்ட்டுக்குப் போய்வரலாம் என்றும் சொன்னார்.

“ஞாயித்துக்கிழமையாவது தூங்கறேனே” என்றாள்.

மழை நின்றது. மண் கோர்ட் காய்ந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். அவள் ஐந்தரை வரை சரக்குப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். மாதக் கடைசியில் ஒருநாள் காலை, கணவர் கண்ணாடி முன்னால் புதுச் சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி, “பார்த்தியா, போன மாசம் வாங்கினது, இன்னும் வெள்ளையாவே…” என்று தொடங்கினார்.

பாதியில் நிறுத்திக்கொண்டார். அவள் காதில் விழாதது போல மகளின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள்.