சிவப்பு டிரம்

அந்தப் பட்டறையில் அவளுக்கு 'லேபிள் அக்கா' என்று பெயர் விழுந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் பதினோரு வருஷம் வெறும் அக்காதான். ரேடியேட்டரைக் கழற்றுவது, அலசுவது, இன்ஜின் சூட்டை ஆற்றுகிற கூலன்ட் தண்ணீரை மாற்றுவது எல்லாம் அவள் பொறுப்பு. இப்போது எந்தக் கேன் வந்தாலும் அவள் முன்பக்கம் பார்ப்பதில்லை. முன்பக்கத்தில் பனிமலையும் பறக்கிற காரும் இருக்கும், அது யாருக்கு வேண்டும்? கேனைத் திருப்பி, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிற எழுத்தை ஒன்று விடாமல் படிப்பாள்.

"என்னக்கா, அதுல கதை ஏதும் போட்டிருக்கா?" என்று பிரேக் வேலை பார்க்கிறவன் சீண்டுவான்.

"உன் கதைதான்டா போட்டிருக்கு. 'குழந்தைங்க கையில குடுக்காதீங்க'ன்னு."

பட்டறை அவளுடைய தங்கை புருஷனுக்குச் சொந்தம். அவள் அவரை மாப்பிள்ளை என்பாள், அவர் அவளை அண்ணி என்பார். கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எதுவும் வீணாகக் கூடாது அவருக்கு. ஒவ்வொரு கேனின் அடியிலும் மிஞ்சுகிற கூலன்ட்டை இரண்டு டிரம்களில் சேர்க்கச் சொல்வார். பச்சை ஒன்றில், சிவப்பு ஒன்றில். எந்தக் கம்பெனி, எந்த வகை என்ற பேச்சே கிடையாது. டிரம்களுக்கு மேலே சுவரில் அவர் கையாலேயே பெயின்ட்டில் எழுதியிருந்தது: 'பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு.' பார்க்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! பதினோரு வருஷமும் அவள் அதை அப்படியே நம்பினாள்.

அந்த நம்பிக்கையில்தான் ஒரு வாடகைக் கார்க்காரர் மாட்டிக்கொண்டார். நல்ல மனுஷர், அதிர்ந்து பேசமாட்டார். இருப்பது ஒரே ஒரு கார், வீடே அதை நம்பித்தான் ஓடுகிறது. வண்டியில் சிவப்பு கூலன்ட் இருந்தது, அளவு குறைந்திருந்தது. அவள் சிவப்பு டிரம்மிலிருந்து இரண்டு லிட்டர் ஊற்றி, வேலைச் சீட்டில் 'ஊற்றியவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மூன்றே மாதத்தில் வண்டி கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. ரேடியேட்டரைத் திறந்தால் உள்ளே தண்ணீர் இல்லை, பழுப்பு நிறத்தில் சேறு. குழாயெல்லாம் அடைத்து, இன்ஜின் கொதித்து, கேஸ்கெட் போய்விட்டது.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். ஒரு நொடி யோசித்திருப்பாரா என்பதே சந்தேகம்.

"குழாய்த் தண்ணிய ஊத்தியிருக்கீங்க சார். உப்புத் தண்ணி. அதான் இப்படிக் கட்டியிருக்கு."

"இல்லைங்களே. நான் மூடியையே திறக்கலையே."

"நீங்க இல்லைன்னா வீட்ல யாராவது ஊத்தியிருப்பாங்க."

அந்த மனுஷர் அவளைப் பார்த்தார். சீட்டில் இருந்தது அவள் கையெழுத்து. அவளுக்கு விஷயம் அரைகுறையாகத்தான் புரிந்திருந்தது, ஆனாலும் உள்ளே எதுவோ சுருக்கென்றது. வாயைத் திறக்கவில்லை. தங்கை முகம் கண் முன்னால் வந்தது, மாதக் கடைசி வந்தது, நமக்கேன் வம்பு என்று துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் ஆறு வாரம் தன் வண்டி இல்லாமல், வேறொருவருடைய வண்டியைக் கூலிக்கு ஓட்டினார். அந்த ஆறு வாரமும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது தொடங்கியதுதான் இந்த லேபிள் படிப்பு. கார்களோடு வருகிற கையேடுகளையும் எடுத்துப் படித்தாள். கூலன்ட்டின் நிறம் என்பது வெறும் சாயம், ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குக் கலக்கிறது என்று தெரிந்தபோது அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரே சிவப்புக்குள் வேறு வேறு மருந்து இருக்கும். வண்டிக்கு எது பொருந்தும் என்று கையேட்டில் ஓர் எண் போட்டிருப்பான். அந்த எண் கேனின் பின்பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை. நான்கு காலி ஜாம் பாட்டில்களில் வேறு வேறு கம்பெனிச் சிவப்புகளைக் கலந்து ஜன்னலில் வைத்தாள். மூன்றில் ஒன்றும் ஆகவில்லை. நான்காவதில் ஒன்பதாம் நாள் அடியில் கொழகொழவென்று ஏதோ படிந்திருந்தது.

மாப்பிள்ளையிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் பாட்டிலை வாங்கி நன்றாகக் குலுக்கினார்.

"இப்பப் பாருங்க அண்ணி. கலக்கினா சரியாப் போச்சு."

தலையில் அடித்துக்கொள்வதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அவள் டிரம்மைத் தொடவில்லை. கேனாகத்தான் ஊற்றினாள். அவர் முணுமுணுத்தார், ஆனாலும் நேருக்கு நேர் மோதல் வரவில்லை.

வந்தது, அந்த வாடகைக் கார்க்காரர் மறுபடி வந்த அன்று. வண்டி சரியாகி மூன்று வாரம்தான் ஓடியிருந்தது. தண்ணீர் வாரத்துக்கு இரண்டு விரற்கடை குறைகிறதாம், ஆனால் நிறுத்துகிற இடத்தில் ஒரு சொட்டுக்கூடக் கிடையாதாம். "நான் எதையுமே ஊத்தலைங்க" என்று கேட்காமலே சொன்னார். அந்த ஒரு வார்த்தை அவளைக் குத்திக் கிழித்தது.

மாப்பிள்ளை அலமாரியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். ஒழுகலை அடைக்கிற மருந்து. "இத ஊத்துங்க அண்ணி. மேல ரெண்டு லிட்டர் டிரம்லேர்ந்து விட்டு அனுப்புங்க. பத்து நிமிஷ வேலை."

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, ரேடியேட்டர் மூடிக்குப் பதில் அழுத்தம் ஏற்றுகிற பம்பை மாட்டி, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போனாள். வாட்டர் பம்புக்குக் கீழே பொட்டு அளவு ஒரு துவாரம். அதைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு. உள்ளே சீல் தேய்ந்து கசிகிறது, கசிவது சூட்டில் அங்கேயே காய்ந்துவிடுகிறது. பிறகு எப்படித் தரையில் சொட்டும்?

வெளியே வந்து கையைத் துடைத்தாள். "பம்பு மாத்தணும். அந்த மருந்து அந்த இடத்துல நிக்காது மாப்பிள்ளை. போய் ரேடியேட்டரைத்தான் அடைக்கும்."

"ஊத்தச் சொன்னா ஊத்துங்க."

"ஊத்த மாட்டேன்."

பட்டறையில் ஸ்பேனர் சத்தம் நின்றது. மாப்பிள்ளை முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "யாரு முதலாளி இங்க?"

"நீங்கதான். அதனாலதான் உங்க முன்னாடியே சொல்றேன்." அவள் கார்க்காரர் பக்கம் திரும்பினாள். "சார், போன தடவை தப்பு உங்க மேல இல்ல. நீங்க தண்ணியும் ஊத்தல, ஒண்ணும் ஊத்தல. எங்க டிரம்ல எல்லாத்தையும் கலந்து வச்சிருக்கோம், அதுலேர்ந்து ஊத்துனது நான். கையெழுத்தும் என்னுது. அன்னிக்கே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன். மன்னிச்சிடுங்க."

கார்க்காரர் வண்டியின் முன்மூடியில் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு, "என் பொண்டாட்டிய நாலு நாள் திட்டினேங்க. அவதான் ஊத்தியிருப்பான்னு நெனச்சு" என்றார்.

மாப்பிள்ளை அவளை அலுவலறைக்குக்கூடக் கூப்பிடவில்லை. எல்லோர் முன்னிலையிலும், "நாளையிலேர்ந்து வராதீங்க" என்றார்.

சாயங்காலம் தங்கை அவள் வீட்டுக்கு வந்து நின்றாள், கண்கள் சிவந்திருந்தன. "அக்கா, ஊர் முன்னாடி அவர் மானத்தை வாங்கிட்டியே. ஒரு வார்த்தை தனியாச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"தனியாத்தான்டி பாட்டிலைக் காட்டினேன். உன் வீட்டுக்காரர் குலுக்கிக் குடுத்தார்."

"எனக்காகவாவது..."

"உனக்காகத்தான் அன்னிக்கு வாயை மூடிட்டு இருந்தேன். அதுக்கு இன்னொரு வீட்டுப் பொம்பளை திட்டு வாங்கியிருக்கா. இனிமே என்னால ஆகாது. வேலை போனா போகட்டும்." சொல்லிவிட்டாளே தவிர, ஐம்பத்திரண்டு வயதில் வேறு எந்தப் பட்டறையில் தன்னைச் சேர்ப்பார்கள் என்று அவளுக்கே தெரியவில்லை. தங்கைக்கு அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் எட்டு மணிக்கு, எப்போதும் போல, பட்டறை வாசலில் நின்றாள். கார்க்காரரும் அங்கே இருந்தார், கையில் புதுப் பம்பு. வண்டியை நேற்று அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

"வராதீங்கன்னு சொன்னேனே" என்றார் மாப்பிள்ளை.

"வேலைக்கு வரல. என்னை நிறுத்திட்டீங்கன்னு எழுதிக் குடுங்க. பதினோரு வருஷம் வேலை பார்த்திருக்கேன், வாய் வார்த்தையில போக மாட்டேன். என்ன காரணம்னும் எழுதுங்க. அடுத்த இடத்துல கேப்பாங்கல்ல, காட்டணும்."

"எழுதித் தர்றேன், எனக்கென்ன பயம்?" என்று அவர் விறுவிறுவென்று மேஜைக்குப் போனார். பட்டறைத் தாளை எடுத்தார். தேதி போட்டார். அவள் பெயரை எழுதினார். 'இவர் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். காரணம்:' என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றது.

பிரேக் வேலை பார்க்கிறவன் கதவோரம் வந்து நின்றான். கார்க்காரரும் வந்தார். மின்விசிறி தாளைப் படபடவென்று அடித்தது, மாப்பிள்ளை ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"சொன்ன பேச்சு கேக்கலைன்னு எழுதட்டுமா?" என்றார் கடைசியில்.

"தாராளமா. எந்தப் பேச்சுன்னும் சேர்த்து எழுதுங்க. எந்த டிரம்லேர்ந்து எதை ஊத்தச் சொன்னீங்க, நான் ஏன் மாட்டேன்னேன், எல்லாம் வரட்டும். கீழ பட்டறை முத்திரை குத்தி, உங்க கையெழுத்தும் போடுங்க. எத்தனையோ சீட்டுல நான் போட்டேன்ல?"

அவர் குனிந்தபடியே இருந்தார். கழுத்து வியர்த்திருந்தது. முத்திரையை எடுத்தார், திரும்ப வைத்தார். அவள் நகரவில்லை, நாற்காலியும் கேட்கவில்லை. கால் மணி நேரம் ஆயிற்று. 'காரணம்' என்ற வார்த்தைக்கு அந்தப் பக்கம் ஒரு எழுத்துக்கூட விழவில்லை.

"உள்ள போய் வேலையைப் பாருங்க அண்ணி" என்றார், தலையைத் தூக்காமல்.

"எந்தக் கேன்லேர்ந்து ஊத்தணும்?"

அவர் பல்லைக் கடித்தார். "கையேட்டுல என்ன நம்பர் போட்டிருக்கோ அது."

"சத்தமாச் சொல்லுங்க மாப்பிள்ளை. எல்லாருக்கும் கேக்கணும்."

அவர் சொன்னார்.