குதிரைலாட வௌவாலும் பாலைவன எலியும்: பலேர்மோவில் ஒரு சனிக்கிழமை

ஜனவரியில் பலேர்மோவைச் சுற்றிப் பார்க்க அதிகம் பேர் போவதில்லை. நான் போனது ஜெசிந்தாவுக்காக. மன்னார்க்காரி, சென்னையில் என்னோடு விலங்கியல் படித்தவள். இப்போது பல்லரோ சந்தைக்குப் பின்னால் குடியிருந்து, ஒரு சிஞ்ஞோராவின் (இத்தாலிய அம்மாள்) வீட்டில் வேலை செய்கிறாள். ஓய்வு நாட்களில் குதிரைலாட வௌவால்களைப் பார்க்கப் போவாள். நான் ராஜஸ்தானில் பாலைவன எலிகளை ஆராய்கிறேன். இரண்டும் பஞ்ச காலத்தை எப்படிக் கடக்கின்றன என்று ஒப்பிட்டு, சேர்ந்து ஒரு கட்டுரை எழுதுவதாக ஏற்பாடு.

காலை ஒன்பதரைக்கு நகரப் பேருந்து. (டிக்கெட்டைப் புகையிலைக் கடையில் முன்பே வாங்கிவிடுங்கள்.) ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற மீனவர் ஊருக்கு முக்கால் மணி நேரம். தூறல் விடவில்லை, மீன் உணவகங்கள் பாதி மூடிக் கிடந்தன. பிறகு அவளுடைய வௌவால்கள் இருக்கும் குகைக்குப் பாறைச் சரிவில் ஒரு மணி நேர நடை.

வழியெல்லாம் கட்டுரைப் பேச்சுதான். என் எலி குளிர்காலத்திலும் உறங்காது. வெயில் ஏறியதும் வளையை விட்டு வந்து விதை பொறுக்கும். தண்ணீர் குடிக்காமலே காலம் தள்ளும். அவளுடைய வௌவாலோ உடம்பைக் குளிரவிட்டு, சேர்த்து வைத்த கொழுப்பில் குளிர்காலம் முழுக்கத் தொங்கும்.

குகை வாசலில் கரி கிடந்தது. யாரோ பெரிதாக நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். சற்று உள்ளே, மண்ணில் வௌவால்கள் செத்துக் கிடந்தன. ஜெசிந்தா குந்தியிருந்து பார்த்தாள்.

"புகைக்கு முழிச்சிருக்குதுகள்."

"எங்க பக்கம் ஒரு நிலத்தை உழுதப்ப எலி வளையெல்லாம் போச்சு. அடுத்த மழைக்கே குட்டி போட்டு நிரம்பிடுச்சு" என்றேன்.

"அது எலி, மாலதி. இது வருசத்துக்கு ஒரு குட்டிதான் போடும்."

குகை இன்னும் ஆழமாகப் போனது. டார்ச்சை எடுத்தேன். "உள்ள மிச்சம் இருக்கான்னு பாத்துடலாம்."

"வேண்டாம். இருந்தா எங்கடை வெளிச்சத்துக்கு அதுகளும் முழிக்கும். கொழுப்புக் கரைஞ்சா பங்குனி வரும் மட்டும் தாங்காது."

"அப்ப தெரியாமலே போறதா?"

"ஓம்."

திரும்பும் பேருந்தில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுரையைப் பற்றிக் கேட்டேன்.

"உன்ரை பாதியை நீ எழுது. நான் சித்திரையிலை ஒரு பின்னேரம் வந்து வெளியிலை நிண்டு பாக்கிறன். பறந்தா எழுதுறன்."

என் பாதியை ஊர் திரும்பிய வாரமே முடித்துவிட்டேன். படித்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

போகிறவர்களுக்கு: நவம்பர் முதல் மார்ச் வரை எந்தக் குகைக்குள்ளும் நுழையாதீர்கள். செத்த வௌவாலையும் வெறுங்கையால் தொடாதீர்கள். அந்தச் சரிவில் எந்தப் பக்கம் திரும்பினோம் என்பதை மட்டும் நான் எழுதப்போவதில்லை.