டில்லி நின்ற வாசல்

பசடேனாவில் பால் ஊற்றும் லெமுவல் பிராட், நாற்பது தாண்டியும் வாயிருந்தும் ஊமை. தையல் வேலை செய்யும் கோரா ஹாஸ்கின்ஸ் மேல் அவனுக்குக் கொள்ளை ஆசை. கணவனை இழந்தவள், கலகலப்பானவள். கட்டிக்கொள்கிறீர்களா என்று கேட்கத்தான் தினமும் கிளம்புவான். அவள் சமையலறையில் காபி குடித்து, இன்றைக்குப் பனி அதிகம் என்று சொல்லிவிட்டுத் திரும்புவான். என்னத்தைச் சொல்ல! மற்ற வீடுகளில் பாட்டிலை வைத்துவிட்டு ஓடும் வண்டியிலேயே தொற்றிக்கொள்பவன், இங்கே மட்டும் அரை மணி நேரம். அதுவரை அவன் குதிரை டில்லி வாசலில் நிற்கும்.

அந்தப் புத்தாண்டு ஊர்வலத்துக்குத் தெருப் பெண்கள் மலர் வண்டி கட்டினார்கள். தோட்டங்களை மொட்டையடித்து, சக்கரத்தின் ஆரக்கால்கூடத் தெரியாமல் ரோஜாவும் ஜெரேனியமும் வைத்துக் கட்டினார்கள். கடைசி நேரத்தில் இழுக்கவேண்டிய குதிரை நொண்டிவிட்டது. பேண்டு சத்தத்துக்கு மிரளாதது டில்லிதான் என்று லெமுவலையே ஓட்டச் சொன்னார்கள். சிறந்த வண்டிக்குக் கிடைக்கும் வெள்ளிக் கோப்பை கைநழுவினால் இனி உன்னிடம் பால் வாங்க மாட்டோம் என்று மிரட்டியும் வைத்தார், இதற்கெல்லாம் முன்னின்ற திருமதி வின்ஸ்லோ.

டில்லி சமர்த்தாகத்தான் நடந்தது, ஊர்வலம் கோராவின் தெருவில் திரும்பும்வரை. அவள் வாசலுக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டது. லெமுவல் கடிவாளத்தை உலுக்கினான், கெஞ்சினான். ம்ஹும். பின்னால் வந்த வண்டிகள் வரிசையாகத் தேங்கின. கூட்டம் சிரித்தது. இந்த வீட்டில் மட்டும் அப்படி எவ்வளவு பால் வாங்குகிறார்கள் என்று யாரோ கேட்டார்கள். அவனுக்கு உயிரே போய்விட்டது.

கோரா வெளியே வந்தாள். அவளுக்கும் முகம் சிவந்திருந்தது.

"இறங்கி உள்ள வந்துட்டுப் போங்க. அப்பத்தான் அது நகரும்."

உண்மைதான். உள்ளே போய் வந்தால் டில்லி நகர்ந்துவிடும். நாளைக்கும் காபி குடிக்கலாம், நாளைக்கும் பனியைப் பற்றிப் பேசலாம். நினைத்தபோதே அவனுக்கு அலுத்துப்போனது.

"நான் இறங்கல. நீங்க ஏறி வாங்க, கோரா. என்னைக் கட்டிக்கிறீங்களா?"

"ஊரைக் கூட்டித்தான் கேக்கணுமா?"

"தனியா இருந்தப்போ வாய் வரலையே."

அவள் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு சக்கரத்தில் கால் வைத்து, ஜெரேனியமெல்லாம் நசுங்க ஏறி, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டில்லி அப்போதும் அசையவில்லை. நடைபாதையிலிருந்து திருமதி வின்ஸ்லோ இறங்கி வந்தார். நசுங்கிய பூக்களைப் பார்த்தார், அவர்கள் இருவரையும் பார்த்தார். பட்டு உடையோடு தானே கடிவாளத்தைப் பிடித்து, ஊர்வலம் முடியும்வரை குதிரையை நடத்திக்கொண்டே போனார்.