கூரையில் ஒட்டிய குத்யா

மெட்ரோ ஹராசிம்சுக்குக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் திமித்ரோ. பள்ளிக்கூட டீச்சரம்மாவின் வாயில் அது நுழையாமல் மெட்ரோ ஆகிவிட்டது. ரயில் நின்றுபோன நோவா டொலினாவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரே மெட்ரோ தான்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஓட்டம் வேறெங்கும் இல்லை. வீட்டிலிருந்து மியூசியத்துக்கு, மியூசியத்திலிருந்து வீட்டுக்கு.

உக்ரைனிலிருந்து மானிட்டோபாவுக்கு வந்து காடு திருத்தியவர்கள் விட்டுப்போனதெல்லாம் அந்த மியூசியத்தில் இருந்தது. ஊரில் யார் கண்ணை மூடினாலும், காரியம் முடிந்த கையோடு பிள்ளைகள் ஒரு பாலாடை பிரிக்கும் மிஷினைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். வீட்டில் வைக்க இடமில்லை, குப்பையில் போட மனமில்லை என்றால் அதற்குப் பெயர்தானே பாரம்பரியம். மியூசியத்தைப் பார்த்துக்கொள்ளும் மெட்ரோவுக்கு வேண்டாமென்று சொல்ல வாய் வராது. பழைய போட்டோக்கள் இன்னொரு தலைவலி. கல்யாணமானாலும் சாவானாலும் எல்லோரும் ஒரே மாதிரி முறைத்துக்கொண்டு நிற்பார்கள். மாப்பிள்ளை நின்றால் கல்யாணம், படுத்திருந்தால் சாவு என்று பிரித்து அடுக்கிவைத்தார்.

அங்கே இருந்த சுண்ணாம்பு பூசிய மண்சுவர் வீடு மெட்ரோ பிறந்த வீடு. அவரே மியூசியத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அதன் முன்னறைக் கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புத் திட்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்தில், தேனும் கசகசாவும் சேர்த்த கோதுமைக் குத்யாவை ஒரு கரண்டி அள்ளிக் கூரையில் வீசுவார்கள். ஒட்டினால் யோகம். அந்தத் திட்டு, மெட்ரோவின் மனைவி தெக்லா கல்யாணமாகி வந்த முதல் வருஷம் வீசியதாம்.

தெக்லா போய்ச் சேர்ந்த பிறகும் மெட்ரோ வருஷாவருஷம் கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தார், அந்தத் திட்டை மட்டும் சுற்றி ஒதுங்கி. காரணம் கேட்டவர்களிடம் "வரலாறு" என்றார். பெண்டாட்டி ஞாபகம் என்று சொல்ல வெட்கம்.

இந்த வருஷம் வினிபெக்கிலிருந்து மியூசியத்தைப் பார்வையிட வந்த அதிகாரி அண்ணாந்து பார்த்து, வௌவால் எச்சமா என்று கேட்டுவிட்டார். கமிட்டித் தலைவி ஸ்லாவ்காவுக்கு மானம் போயிற்று. அவள் தெக்லாவின் அக்கா.

"மெட்ரோ, நாளைக்குக் காலையில சுண்ணாம்பு வாளியோட வர்றேன். நீ ஏணியப் பிடி, போதும்."

"மதினி, அது வரலாறு."

"ஆமா, பெரிய வரலாறு! சுத்தம் பண்ணச் சோம்பேறித்தனம்னு சொல்லு."

நம்பர் போட்ட பொருளைக் கமிட்டி கூடி ஓட்டுப் போடாமல் யாரும் தொடக்கூடாது என்பது மியூசிய விதி. மெட்ரோ அன்றைக்கே ஏணியில் ஏறி, திட்டுக்குப் பக்கத்தில் ஒரு நம்பர் அட்டையை அடித்துவைத்தார்.

மறுநாள் வாளியோடு வந்த ஸ்லாவ்கா அதைப் பார்த்தாள்.

"கூரைக்கு நம்பரா? அப்படியே உன் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிக்கோ. நீயும் பழைய சாமான்தானே."

விதியாவது மண்ணாவது என்று அவளே ஏணியில் ஏறினாள். சுண்ணாம்பு மட்டையை ஓங்கினாள். மெட்ரோவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"வேணாம் மதினி! அது தெக்லாவோடது! வந்த முதல் வருஷம் அவ எறிஞ்சது. துணிமணியெல்லாம் உங்க பொண்ணுங்க எடுத்துட்டுப் போயாச்சு. அவ கை பட்டது பட்டபடியே எங்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்."

ஸ்லாவ்காவின் முழங்கை வழியாகச் சுண்ணாம்பு வடிந்தது. திட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஏணிப்படியிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"அட மண்டு! இது நான் எறிஞ்சது."

"என்னது?"

"அன்னைக்கு விருந்துக்கு நானும் வந்திருந்தேன்ல. எனக்கு வரன் அமையலன்னு உங்கம்மாதான் கரண்டிய என் கையில குடுத்தாங்க. ஒட்டினா கல்யாணம்னாங்க. ஒட்டித் தொலைச்சுது. அடுத்த வருஷமே போத்னார்சுக் வந்து வாய்ச்சான். என் யோகத்தப் பாத்தியா!"

"நான் கேட்டப்ப, நான்தான் எறிஞ்சேன்னு தெக்லா சொன்னாளே!"

"நீ எங்க இருந்த அப்போ?"

மெட்ரோ யோசித்தார். அந்த விருந்தன்று மனுஷருக்கு முன்னால் மாடுகளுக்கு விருந்து வைப்பது வழக்கம். அவர் தொழுவத்தில் இருந்தார். உள்ளே வந்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கூரையில் திட்டு இருந்தது.

"அப்ப அவ எறிஞ்சது?"

"உங்கப்பன் மொட்டத் தலையில விழுந்துச்சு. வந்த புதுசுல மாமனார் தலையில கொட்டினேன்னு எந்த மருமக சொல்லுவா? அவர் என்ன பண்ணார் தெரியுமா? தலையிலேருந்து ஒரு கோதுமைய எடுத்து வாயில போட்டு மென்னுட்டு, 'தேன் பத்தல'ன்னார்."

மெட்ரோவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் மதினியின் கோதுமையைப் போய்ப் பூப்போலப் பாதுகாத்திருக்கிறார்! அப்புறம் அப்பாவின் தலை கண்ணுக்குள் வந்தது. மெட்ரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்ததில் கண்ணீர் வந்தது, கண்ணீர் வந்ததில் அழுகையும் வந்தது. தெக்லா போனபிறகு அவளைப் பற்றி இனிப் புதிதாக ஒன்றும் தெரியவராது என்று நினைத்திருந்தார். இன்றைக்கு ஒன்று வந்திருக்கிறது.

"வழிச்சுடலாமா, வேணாமா?" என்றாள் ஸ்லாவ்கா. "என்னோடதுன்னா கொஞ்சம் வரலாறு மாதிரிதான் தெரியுது."

அவர் கூரையைப் பார்க்கவே இல்லை.

"மதினி, அப்ப அவ மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

ஸ்லாவ்கா இறங்கி வந்து வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பீட்ரூட் மாதிரி. இரு, முதல்லேருந்து சொல்றேன்."