பெரியம்மாவின் குரலைக் கொண்டுவந்த பஸ்

காலாண்டுப் பரீட்சை விடுமுறைக்கு நான் வால்பாறையில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியப்பா ஓர் எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபீசர். பெரியம்மா எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அந்த வருடம் மழை விடவே இல்லை. துவைத்த துணி காயாமல் வீடு முழுக்க ஒரு புளித்த வாசனை அடித்தது. பெரியம்மாவின் குரலும் அந்த ஈரத்தில்தான் கெட்டுப்போய்விட்டதென்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் வகுப்பில் அவர் பேசினால் ரோட்டில் போகிறவர்களுக்குக் கேட்கும். இப்போது தகரத்தைத் தரையில் இழுப்பது போல ஒரு கரகரப்பு. தொண்டையில் ஒரு கட்டி, கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்து எடுத்தால் சரியாகிவிடும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அண்ணனுக்காக வாங்கியது. அண்ணன் என்றால் பெரியம்மாவின் ஒரே மகன்; கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டு துடியலூரில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். ஒரு மாதத்துக்கு முன்னால் அவர் வந்து, அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு மைக்கை மாட்டி, பெரியம்மாவைப் பேசவைத்துப் பதிவு செய்துவிட்டுப் போயிருந்தார். அதற்குப் பிறகு கம்ப்யூட்டருக்கும் சீக்கு வந்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் உள்ளே யாரோ நகத்தால் சுரண்டுவது போல ஒரு சத்தம் வரும். சில நாள் திரை வரும். பல நாள் வராது.

ஒரு காலையில் அண்ணன் போன் செய்தார். பெரியப்பா பேசினார். லைன் சரியில்லாததால் அந்தப் பக்கம் அண்ணன் கத்தியது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"அப்பா, இனி அதை ஆன் பண்ணவே பண்ணாதீங்க. அப்படியே பெட்டியோட எடுத்துட்டு வந்துருங்க. சித்தப்பா புதுக் கம்ப்யூட்டர் வாங்கிட்டாரு, அதுல நான் ஏத்திக்கிறேன். கீழ மேல விழுகாமப் பாத்துக்குங்க. அந்த டிஸ்க்கு போச்சுன்னா அம்மா கொரலு போச்சுப்பா. திரும்பக் கெடைக்கவே கெடைக்காது."

பெரியப்பா போனை வைத்துவிட்டு அலமாரியில் கம்பளிப் போர்வையைத் தேடினார். எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டதாகத் தோன்றியது. அண்ணன் பெரியம்மாவின் குரலை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அதனால்தான் வெளியே கரகரப்பு மட்டும் மிச்சம். பெட்டிக்குச் சீக்கு முற்ற முற்ற, குரலுக்கும் முற்றுகிறது. பெட்டி உடைந்தால் பெரியம்மா அதோடு ஊமை. யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கத் தோன்றவில்லை. பெரியவர்கள் என்னிடம் மறைக்கிற விஷயம் இதுதான் என்று முடிவே செய்துவிட்டேன்.

மறுநாள் காலை பஸ் ஏறினோம். பெட்டியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, அதற்கு மேல் கம்பளிப் போர்வை போட்டுக் கட்டியிருந்தார் பெரியப்பா. கண்டக்டர் அதைப் பார்த்ததுமே, "பெரிய லக்கேஜுங்க, மேல ஏத்திருங்க" என்றார்.

"மேல வேண்டாமுங்க. மழ."

"தார்ப்பாய் இருக்குதுங்க, நனையாது."

"ஆடக்கூடாதுங்க."

"என்னதானுங்க இருக்குது அதுக்குள்ள?"

பெரியப்பா பெரியம்மாவை ஒருமுறை பார்த்தார். அவர் பஸ்ஸுக்குள் ஏறி உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தார். பெரியப்பா குரலைத் தாழ்த்தி, "எங்கூட்டம்மா பேசுனது இருக்குதுங்க. வியாழக்கெழம ஆபரேசன்" என்று தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

கண்டக்டர் முன்பக்கம் ஒரு சீட்டை அவரே காலி செய்து கொடுத்தார். ஓட்டுநரிடம் போய் ஏதோ சொன்னார். எனக்கு அது பெரிய அத்தாட்சியாகிவிட்டது. கண்டக்டருக்கே தெரிந்திருக்கிறது!

ஜன்னலோரம் நான், நடுவில் பெட்டி, அந்தப் பக்கம் பெரியம்மா. பெரியப்பா பின்னால் நின்றுகொண்டார். நான் இரண்டு கைகளாலும் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, போர்வை மேல் காதை வைத்துக்கொண்டேன்.

வால்பாறை மலைப்பாதையைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கொண்டை ஊசி வளைவு முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது வரும். ஒவ்வொரு வளைவிலும் பஸ்ஸின் மூக்கு ஒரு கணம் வெறும் மேகத்துக்கு மேல் நிற்கும். வழக்கமாக எனக்கு அதில் குஷி. அன்று ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டி என் பக்கம் சாயும்போது உள்ளே ஏதோ லேசாக 'டிக்' என்றது. அப்படிக் கேட்கும்போதெல்லாம் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

பெரியம்மாவோ பேசிக்கொண்டே வந்தார். டாக்டர் அதிகம் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார். வீட்டில் இருந்தவரைக்கும் அதைக் கடைப்பிடித்தவர்தான். பஸ்ஸில் ஏறியதும் என்ன வந்ததோ, நிறுத்தவே இல்லை. பொள்ளாச்சியில் ஒரு கடையைப் பற்றி. தான் சின்னப் பெண்ணாக இருக்கையில் என் அம்மாவும் அவரும் சேர்ந்து செய்த ஏதோ கூத்தைப் பற்றி. என் தலைமுடியைப் பற்றி. எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. "ம்", "ம்" என்று சொல்லிக்கொண்டே, காதைப் போர்வையிலிருந்து எடுக்காமல் உள்ளே சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆழியாறு அணை கீழே தெரிய ஆரம்பித்த இடத்தில், எதிரே ஒரு தேயிலை லாரி வளைவை அடைத்துக்கொண்டு ஏறி வந்தது. டிரைவர் பிரேக்கை ஏறி மிதித்தார். பெட்டி சீட்டிலிருந்து நழுவியது. நான் அதோடு சேர்ந்து விழுந்து, முன் சீட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே என்னைக் கொடுத்தேன். பெட்டியின் விளிம்பு வாயில் இடித்தது. உள்ளே பலமாக ஏதோ சத்தம் கேட்டது.

"அய்யோ கண்ணு! ஒதட்டுல ரத்தம் பாரு. ஏனுங்க, இங்க வாங்க, புள்ளைக்கு அடிபட்டுப் போச்சு!"

எனக்கு வலி தெரியவில்லை. பெரியம்மாவின் வாயையே பார்த்தேன். கத்தியதில் அவர் குரல் பாதியில் உடைந்து வெறும் காற்றாகியிருந்தது.

"பெரியம்மா, பேசுங்க."

"என்ன கண்ணு?"

"ஏதாச்சும் பேசுங்க பெரியம்மா. பேசுங்க!"

அவர் என் உதட்டை முந்தானையால் அழுத்திக்கொண்டே சிரித்தார். "காலைல இருந்து பேசிட்டுத்தான சாமி வாரேன். இன்னும் என்னத்தப் பேசறது?" என்றார். கரகரப்பாகத்தான் வந்தது. ஆனால் வந்தது. எனக்கு உயிர் திரும்பியது. மறுபடி பெட்டியில் காதை வைத்துக்கொண்டேன். பெரியம்மா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

பொள்ளாச்சியில் பஸ் மாறி, உக்கடத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்துத் துடியலூர் வந்து சேரும்போது மதியம் தாண்டிவிட்டது. அண்ணன் வாசலுக்கே ஓடி வந்து, தன் அம்மாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பெட்டியை வாங்கிக்கொண்டார். போர்வையில் இருந்த ரத்தக்கறையைப் பார்த்து அவர் முகம் வெளுத்ததை நான் கவனித்தேன். பிரேக் போட்டதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புதுக் கம்ப்யூட்டர் அப்பாவின் மேஜை மேல் இருந்தது. அண்ணன் பழைய பெட்டியைத் திறந்து, செங்கல் பாதி அளவு ஒரு தகர டப்பாவை வெளியே எடுத்தார். இவ்வளவுதானா பெரியம்மாவின் குரல் என்று இருந்தது எனக்கு. அதைப் புதியதன் வயிற்றுக்குள் பட்டையான ஒரு வயரால் கோத்து, சுவிட்சைப் போட்டார். சுரண்டும் சத்தம் கேட்டது. திரையில் ஒன்றும் வரவில்லை. அணைத்துவிட்டு, வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினார். மறுபடியும் அதே சத்தம்தான். அவர் சட்டை முதுகில் நனைந்து ஒட்டிக்கொண்டது. பெரியப்பா நாற்காலியின் கையைப் பிடித்தபடி நின்றார்.

"சூடாயிருச்சுன்னா செத்துப் போயிரும். கொஞ்சம் ஆறட்டும்" என்றார் அண்ணன்.

ஆறும்வரை காத்திருந்தோம். சமையலறையிலிருந்து பெரியம்மா அம்மாவோடு பேசும் சத்தம் வந்தது. அது நின்றுபோகும்போதெல்லாம் நான் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். காபி குடித்துக்கொண்டிருப்பார். திரும்பி வருவேன்.

அடுத்த தடவை டிஸ்க் எழுந்தது. அண்ணன் மூச்சுவிடாமல் ஃபைல்களை இழுத்துப் புதியதில் போட்டார். திரையில் ஒரு நீலக்கோடு நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. ஒரே ஒரு ஃபைல் மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்துக் கடைசிவரை வரவில்லை. மற்றதெல்லாம் வந்த கொஞ்ச நேரத்தில் பழைய டிஸ்க் ஒரு நீளமான சத்தம் போட்டு ஓய்ந்தது. அதற்குப் பிறகு அது எழவே இல்லை. அண்ணன் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"அம்மா, வந்து கேளுங்கம்மா."

"என்ற கொரல நானே கேக்கறதுக்கா இத்தன பாடு?" என்று சொன்ன பெரியம்மா, ஹாலுக்கு வரவே இல்லை.

ஆபரேஷன் முடிந்து சில நாட்கள் கழித்துத்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். பெரியம்மா கழுத்தில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வாய் அசைந்தது. 'கண்ணு' என்றுதான் அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி அசைந்தது. கழுத்துக் கட்டுக்குள்ளிருந்து காற்று மட்டும் வந்தது.

நான் பெரியப்பாவின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சீட்டிலிருந்து நழுவிய பெட்டியும், உள்ளே கேட்ட அந்தச் சத்தமும், வரமாட்டேன் என்ற அந்த ஒரு ஃபைலும் என் தலைக்குள் சுற்றின.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா அண்ணனிடம், "அக்கா பேசுனத ஒருக்காப் போடு கண்ணு" என்றார். ஸ்பீக்கரிலிருந்து குரல் வந்தது. 'வணக்கம் குழந்தைகளே. இன்று நாம் படிக்கப்போவது மூன்றாவது பாடம். எல்லோரும் புத்தகத்தைத் திறந்துகொள்ளுங்கள்.' கரகரப்பாக இருந்தாலும் ஒவ்வொரு எழுத்தும் நிறுத்தி, அழுத்தி, பிசகில்லாமல் வந்தது. அடுத்த ஃபைலில் வாய்ப்பாடு. அதற்கடுத்ததில் இலக்கணம்.

அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "இது அக்கா கொரலு இல்லியே கண்ணு" என்றார்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "சும்மா பேசுங்கன்னுதான் சொன்னேனுங்க சித்தி. மைக்கப் பாத்ததும் சேலையெல்லாம் சரி பண்ணிக்கிட்டு டீச்சராயிட்டாங்க."

எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அம்மா சொன்ன முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். அக்கா குரல் இல்லை. மாறிப்போய்விட்டது. குலுங்கியதில் கெட்டுவிட்டது. நான் "ஓ"வென்று அழ ஆரம்பித்து, பிரேக் போட்டதையும் பெட்டி நழுவியதையும் தேம்பித் தேம்பிச் சொன்னேன். அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். "நீ ஒன்னும் பண்ணல அம்மணி. நல்லாத்தான் கொண்டுவந்து சேத்துன" என்றார். அவரும் அழுதார்.

குரல்வளையையே எடுத்துவிட்டார்கள் என்பதும், எடுப்பார்கள் என்று என்னைத் தவிர எல்லோருக்கும் முன்பே தெரியும் என்பதும் கொஞ்சம் வளர்ந்த பிறகு தெரிந்தது. பெரியம்மா அதற்குப் பிறகு நிறைய வருடங்கள் இருந்தார். எங்களைக் கைதட்டிக் கூப்பிடுவார். தட்டுகிற விதத்திலேயே கோபமா பிரியமா என்று தெரிந்துவிடும். அந்த ஃபைல்கள் இன்றும் இருக்கின்றன. சீடிக்கும், சீடியிலிருந்து வேறொரு கம்ப்யூட்டருக்கும், அதிலிருந்து என் போனுக்கும் பத்திரமாக மாறி மாறி வந்துவிட்டன. மூன்றாவது பாடம் எனக்கு மனப்பாடம்.

அதில் எங்கேயும் ஒரு 'சாமி' கிடையாது. 'ஏனுங்க' கிடையாது. பெரியம்மா அவர் பாட்டுக்குப் பேசுகிற பேச்சை, மலையிலிருந்து இறங்குகிற வழியெல்லாம், கடைசியாக அவ்வளவு நேரம் என்னிடம்தான் பேசினார். பொள்ளாச்சியில் அது என்ன கடை, அம்மாவும் அவரும் அப்படி என்ன கூத்தடித்தார்கள் என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்கு ஞாபகம் வரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பெட்டிக்குள் கேட்ட 'டிக்' மட்டும் அப்படியே காதில் இருக்கிறது.